போன் கிராஃப்ட்: மாட்டெலும்பா, மனித எலும்பா, செராமிக்கா? உங்கள் உடம்பில் வைக்கப்போவது எது?

பல் இம்ப்ளான்ட் வைக்கப் போகும் பலருக்கும் கூடுதலாக ஒரு வரி காதில் விழும்: "எலும்பு கரைஞ்சிருக்கு, கொஞ்சம் போன் கிராஃப்ட் போடணும்." பல் போன இடத்தில் தாடை எலும்பு மெல்ல மெல்லக் கரையும். டைட்டானியம் ஸ்க்ரூவைப் பிடித்து நிறுத்த அங்கே போதுமான எலும்பு இருக்காது. அதனால் அந்த இடத்தை வெள்ளை நிறத் துகள்களால் நிரப்புகிறார்கள். எஸ்டிமேட்டில் அதற்குத் தனியாக ஒரு தொகை இருக்கும். துகள் எதிலிருந்து வந்தது என்ற விவரம் பல நேரம் இருக்காது.

அது மாட்டின் எலும்பாக இருக்கலாம். இறந்த ஒருவரிடமிருந்து தானமாகப் பெற்ற எலும்பாக இருக்கலாம். பன்றியிலிருந்தோ பவளப்பாறையிலிருந்தோ வந்திருக்கலாம். உலையில் சுட்டெடுத்த செராமிக்காகவும் இருக்கலாம். பல்லோடு இது முடிவதில்லை. விபத்தில் நொறுங்கிய கால், முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை, கட்டியை எடுத்த பிறகு எலும்பில் விழும் ஓட்டை என எல்லா இடத்திலும் மருத்துவர்களுக்கு முன்னால் இருப்பது இதே பட்டியல்தான்.

இயற்கை என்றால் நல்லது, செயற்கை என்றால் கெமிக்கல் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. ஷாம்புவுக்கு அது சரியோ என்னவோ, எலும்புக்கு ஒத்துவராது.

விதை, உரம், பந்தல்

முறிந்த எலும்பு தானாகவே கூடிவிடும். ஆனால் இடைவெளி ஒரு அளவுக்கு மேல் போனால் உடம்பால் அதை நிரப்ப முடியாது. அப்போது மூன்று விஷயங்கள் தேவை: எலும்பை உருவாக்கும் உயிருள்ள செல்கள், அந்த வேலையைத் தூண்டிவிடும் புரதங்கள், புது எலும்பு பற்றிப் படர ஒரு சட்டகம். வீட்டுத் தோட்டத்து அவரைக்கொடியை நினைத்துக்கொண்டால் எளிது. விதை, உரம், பந்தல்.

இந்த மூன்றும் சேர்ந்து கிடைப்பது நோயாளியின் சொந்த எலும்பில். இடுப்பெலும்பின் மேல் விளிம்பிலிருந்து எடுப்பது வழக்கம். தாடைக்கு என்றால் முகவாயிலிருந்தோ கடைவாய்ப் பல்லுக்குப் பின்னாலிருந்தோ எடுப்பார்கள். உடம்பு அதை நிராகரிக்காது, வேறொருவரின் நோயும் தொற்றாது. இன்றைக்கும் மற்ற எல்லாப் பொருட்களையும் இதோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பிடுகிறார்கள். ஆனால் ஒரு ஓட்டையை அடைக்க இன்னொரு இடத்தில் வெட்ட வேண்டும். எடுத்த இடத்து வலி சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். எடுக்கக் கிடைக்கும் அளவும் குறைவு.

அதற்கு மாற்றாக வந்ததுதான் எலும்பு வங்கி. தானமாகப் பெற்ற எலும்பைக் கழுவி, உறைய வைத்தோ உலர்த்தியோ, பல வங்கிகளில் காமா கதிரும் செலுத்தி வைக்கிறார்கள். செல்கள் இறந்துவிடும். பந்தல் மிஞ்சும், கொஞ்சம் உரமும் மிஞ்சலாம். கால்சியத்தை அமிலத்தால் நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தாலே அங்கே புது எலும்பு முளைக்கிறது என்று அமெரிக்க மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட் 1965இல் காட்டினார். எலும்புக்குள் ஒளிந்திருக்கும் அந்த உரத்துக்கு பிஎம்பி என்று பெயர் வந்தது அதன் பிறகுதான்.

மாட்டெலும்பின் கதை வேறு. பல் மருத்துவத்தில் உலகம் முழுக்கப் பயன்படும் பயோ-ஆஸ் போன்ற தயாரிப்புகளில், சூடு, ரசாயனம் இரண்டையும் கொண்டு புரதம், கொழுப்பு, செல் எல்லாவற்றையும் நீக்கிவிடுகிறார்கள். மிஞ்சுவது துளைகள் நிறைந்த தாதுக் கூடு. அதாவது "இயற்கை" என்று பெயர் வாங்கிய இந்தப் பொருள், நடத்தையில் சொந்த எலும்பைவிட செராமிக்குக்குத்தான் நெருக்கமானது. வெறும் பந்தல். மெதுவாகவே கரையும் என்பதால் நிரப்பிய இடம் சுருங்காமல் இருக்கும். தாடைக்கு அது வசதி.

செயற்கைப் பொருட்களும் நேற்று வந்தவை இல்லை. எலும்புக் குழிகளை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் நிரப்பியதை ஜெர்மானிய மருத்துவர் டிரீஸ்மன் 1892இலேயே பதிவு செய்திருக்கிறார். இன்றைக்கு அதிகம் புழங்குவது இரண்டு கால்சியம் பாஸ்பேட் வகைகள். ஹைட்ராக்ஸிஅபடைட் வருடக்கணக்கில் கரையாமல் கிடக்கும். ட்ரைகால்சியம் பாஸ்பேட் சீக்கிரம் கரைந்து புது எலும்புக்கு இடம்விடும். இரண்டையும் கலந்தும் விற்கிறார்கள். 1969இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஹென்ச் உருவாக்கிய, எலும்போடு ஒட்டிக்கொள்ளும் கண்ணாடியும் இந்த வரிசையில் உண்டு. நம் பக்கத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிலையம் கால்சியம் பாஸ்பேட் சிமென்ட்டை உருவாக்கியிருக்கிறது.

உயிரோடு வந்த எலும்பு, கூடவே வந்த காசநோய்

பந்தல் மட்டும் போதாது, விதையும் வேண்டும் என்று சந்தை யோசித்தது. தானமாகப் பெற்ற எலும்பில் உள்ள செல்களை உயிரோடு பாதுகாத்து விற்கும் தயாரிப்புகள் அமெரிக்காவில் வந்தன. ஃபைபர்செல் அவற்றில் ஒன்று. 2021இல் அதை முதுகுத்தண்டில் வைத்துக்கொண்டவர்களுக்கு அறுவை சிகிச்சைக் காயம் ஆறாமல் சீழ் பிடித்தது. பரிசோதித்தால் காசநோய்.

ஒரே ஒரு கொடையாளரின் எலும்பிலிருந்து தயாரான ஒரு லாட், 18 மாகாணங்களில் 113 பேரின் உடம்புக்குள் போயிருந்தது. 87 பேரிடம் காசநோய்க்கான அறிகுறி பரிசோதனையில் தெரிந்தது. உயிரிழப்பும் நேர்ந்தது. 2021 ஜூனில் நிறுவனம் அந்த லாட்டைத் திரும்பப் பெற்றது. 2023இல் அதே நிறுவனத்தின் இன்னொரு எலும்புத் தயாரிப்பில் மறுபடியும் காசநோய்.

எப்படி நடந்தது? சாதாரண வங்கி எலும்பைக் கதிர்வீச்சால் கிருமிநீக்கம் செய்யலாம். செல்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்றால் அதைச் செய்ய முடியாது. கிருமியைக் கொல்லும் கதிர் செல்லையும் கொன்றுவிடும். விளம்பரத்தில் பெருமையாகச் சொன்ன "உயிருள்ள செல்கள்"தான் ஆபத்துக்கும் கதவைத் திறந்துவிட்டது. கொடையாளரைப் பரிசோதிப்பது மட்டுமே மிஞ்சிய பாதுகாப்பு. காசநோய்க் கிருமி லேபில் வளரவே பல வாரம் எடுக்கும். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர் என்பதால், இப்படிப்பட்ட தயாரிப்புகள் இங்கே வரும்போது இது அமெரிக்காவின் பிரச்சினை என்று விட்டுவிட முடியாது.

அப்போ செயற்கையே மேலா?

கிருமி பயம் இல்லை என்பது உண்மை. ஆனால் செராமிக் துகளில் விதையும் இல்லை, உரமும் இல்லை. சுற்றிலும் ஆரோக்கியமான எலும்பு இருக்கும் சின்னக் குழிக்கு அது நன்றாகவே வேலை செய்யும். சில அங்குலம் எலும்பே இல்லாத காலில் அதை மட்டும் நிரப்பினால் கொடி ஏறாத பந்தலாக நிற்கும்.

உரத்தைத் தனியாகச் சேர்க்கலாமே என்று வந்ததுதான் மெட்ரானிக் நிறுவனத்தின் இன்ஃப்யூஸ். யூரிஸ்ட் தேடிய அதே பிஎம்பி புரதத்தை, மரபணு மாற்றிய வெள்ளெலி செல்களில் வளர்த்து எடுத்தார்கள். (இது இயற்கையா செயற்கையா என்று கேட்டால் யாரிடமும் நேரான பதில் இருக்காது.) அமெரிக்காவின் எஃப்டிஏ 2002இல் இடுப்புப் பகுதி முதுகெலும்புக்கு அனுமதி கொடுத்தது. மருத்துவர்கள் கழுத்திலும் வைத்தார்கள். தொண்டை வீங்கி மூச்சுத்திணறல் வருகிறது என்று 2008இல் எஃப்டிஏ எச்சரித்தது. பிறகு யேல் பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்த இரண்டு தனித்தனி மறுஆய்வுகள் 2013இல் வெளியாயின. இடுப்பெலும்பை எடுத்து வைப்பதைவிட இதில் நோயாளிக்குப் பெரிய லாபம் எதுவும் தெரியவில்லை என்பதே அவற்றின் சாரம்.

யாரைக் கேட்டு வைத்தார்கள்?

நெதர்லாந்து மருத்துவர் யோப் வான் மேக்கரென் 1668இல் ஒரு சம்பவத்தை எழுதிவைத்தார். ரஷ்யர் ஒருவரின் உடைந்த மண்டையோட்டில் நாயின் எலும்பைப் பொருத்தினார்களாம். திருச்சபை அவரை விலக்கிவைத்தது. எடுத்துவிடுங்கள் என்று அவர் திரும்பி வந்தபோது எலும்பு நன்றாக ஒட்டிவிட்டிருந்தது, எடுக்க முடியவில்லை.

350 வருடம் கழித்தும் சிக்கல் அப்படியேதான் இருக்கிறது. மாட்டெலும்பு வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள், பன்றி ஆகாது என்பவர்கள் இருக்கிறார்கள், சைவ உணவுக்காரர்கள் இருக்கிறார்கள். எதுவும் பிரச்சினை இல்லை என்பவர்களும் நிறைய. துகள் எலும்போடு கலந்த பிறகு அதைப் பிரித்தெடுக்க முடியாது என்பதால், கேட்க வேண்டியது முன்னாடியே. "கிராஃப்ட் போடுகிறோம், கையெழுத்து போடுங்க" என்பது இதற்கான சம்மதம் ஆகாது. துகளின் மேலே வைத்து மூடும் மெல்லிய கொலாஜன் சவ்வு பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டிலிருந்து வருவது. துகள் செராமிக்காக இருந்தாலும் சவ்வு அப்படி இருக்காது. இதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. இது எதிலிருந்து வந்தது? என் ஓட்டையின் அளவுக்கு இது போதுமா? எத்தனை மாதத்தில் கரையும்? மனித எலும்பு என்றால், எப்படிக் கிருமிநீக்கம் செய்தார்கள்? வைத்த பிறகு, பாக்கெட்டில் இருக்கும் லாட் எண் ஸ்டிக்கரை கோப்பில் ஒட்டச் சொல்லி, போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் அந்த 113 பேரைத் தேடிப் பிடித்தது லாட் எண்ணை வைத்துத்தான்.