வெட்டுண்ட மரமும் நம் கடமையும்

1987 ஆம் ஆண்டிலே, மலேசியாவின் சரவாக் காட்டில், புன்னைப் பேரினத்து மரமொன்றின் இலைகளையும் கொப்புகளையும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவகத்திற்காக ஆராய்ச்சியாளர் சேகரித்தனர். அவற்றின் சாறு எச்.ஐ.வி. கிருமியின் பெருக்கத்தைத் தடுப்பது பின்னர் ஆய்வுகூடத்திற் புலனாயிற்று. ஆனால், அவர்கள் மீண்டுஞ் சென்றபோது அம்மரம் வெட்டப்பட்டிருந்தது! அயலிலிருந்த பிற மரங்கள் அத்துணை ஆற்றலைக் காட்டவில்லை. சிங்கப்பூர்த் தாவரவியற் பூங்காவிற் பேணப்பட்டிருந்த அவ்வின மரங்களே தேடிய சேர்வையை மீண்டும் அளித்தன.

'கலனோலைட்டு ஏ' எனப்படும் அச்சேர்வை, கிருமி தன்னைப் பெருக்கிக்கொள்ள வேண்டிய நொதியமொன்றை முடக்குவது. எனினும், அது இன்னும் மருந்தாக அங்கீகாரம் பெறவில்லை. புன்னையெண்ணெய் இந்நோயைத் தீர்க்குமென எவரேனும் கூறின், அதனை நம்புதல் தகாது. நம் நாட்டு அரசாங்கச் சிகிச்சை நிலையங்களில் இலவசமாக வழங்கப்படும் மருந்துகளே நோயாளருக்குத் துணை.

நாம் கொள்ளவேண்டிய பாடம் வேறு. புன்னை நம் நெய்தற்கரைக்கும் உரிய மரம். வன்னிக் காட்டுப் பாலையும் முதிரையும் தம்முள் எவ்வெப்பொருள்களைக் கொண்டுள்ளன என்பதை முற்ற ஆராய்ந்தவர் யார்? கிளிநொச்சி மாணவர் தம் அயலிலுள்ள மரஞ்செடிகளை இனங்கண்டு, இலைகளை உலர்த்திச் சேர்த்து, பதிவேடொன்றைத் தொடங்குவாராக. பழைய மாணவராகிய நாம் அதற்கு வேண்டிய பொருளுதவியை இவ்விழா ஆண்டிலேயே செய்தல் வேண்டும்.