நேரமில்லை என்ற பெருமை

சுகம் விசாரித்தால், "ஒரே வேலை, மூச்சுவிடவும் நேரமில்லை" என்று பதில் சொல்வது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. கொழும்பிலும் சரி, லண்டனிலும் ரொறொன்ரோவிலும் சரி, பதில் ஒன்றுதான். ஒரு காலத்தில் அது முறைப்பாடாக இருந்தது; இன்று அந்தஸ்தின் அடையாளமாகிவிட்டது. ஓய்வாக இருக்கிறேன் என்று சொல்லப் பலருக்கும் கூச்சமாக இருக்கிறது.

இங்கே இரு சாராரைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வீட்டு வாடகையும் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணமும் நெருக்க, பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை என்று ஓடுகின்ற புலம்பெயர்ந்த தமிழரிடம் வேகத்தைக் குறையுங்கள் என்று உபதேசிப்பது நியாயமன்று. அவருக்குத் தேவை போதிய ஊதியம். அந்த நெருக்கடி தீர்ந்த பின்னரும் ஓட்டத்தை நிறுத்தாதவர்களைப் பற்றியதே என் கவலை.

ஓய்வு என்பது எவரும் இரக்கப்பட்டுத் தந்ததன்று. 1886ஆம் ஆண்டு மே மாதம் சிக்காகோ தொழிலாளர் எட்டு மணி நேர வேலைநாள் கேட்டு வீதியில் இறங்கினர், உயிர்களையும் பறிகொடுத்தனர். 1919இல் சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் முதலாவது சமவாயம் அந்த வரையறையைக் கைத்தொழில் துறைக்கு ஏற்றுக்கொண்டது. இலங்கையில் 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம் என்று எல்லை வகுத்தது. இப்படிப் போராடிப் பெற்ற மாலைப் பொழுதைத்தான் நாம் கையடக்கத் தொலைபேசியிடம் ஒப்படைத்துவிட்டு நிற்கிறோம்.

பத்திரிகைத் தொழிலில் இம்மாற்றத்தை நேரில் கண்டேன். முன்பெல்லாம் கடைசிப் பக்கம் அச்சுக்குப் போய்விட்டால் அன்றைய வேலை முடிந்தது. இணையம் வந்தபின் கடைசிப் பக்கம் என்பதே இல்லை. செய்தியாளர் சாப்பாட்டு மேசையிலும் செய்தி திருத்துகிறார். ஆனால் நள்ளிரவில் அவசரப்பட்டு ஏற்றிய செய்திகளில் எத்தனை, விடியும்வரை காத்திருக்க முடியாதவை? பரபரப்பு வேறு, பணி வேறு.

இதற்குச் செலுத்தும் விலையும் சிறிதன்று. உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேச தொழில் ஸ்தாபனமும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பதன் விளைவாக, பாரிசவாதத்தாலும் இதய நோயாலும் 2016ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 7 இலட்சத்து 45 ஆயிரம் பேர் இறந்தனர்.

அலுவலக நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமையை வலியுறுத்தும் சட்டம் பிரான்சில் 2017இலும் அவுஸ்திரேலியாவில் 2024இலும் நடைமுறைக்கு வந்தது. நமது நாட்டிலும் அது பேசப்பட வேண்டும். ஆயினும் சட்டம் முதலாளியின் கையைத்தான் கட்டும். நம் கை தானாகத் தொலைபேசியைத் தேடுவதை எந்தச் சட்டமும் தடுக்காது.

ஆகவே நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. நாளின் ஒரு வேளையை வேலைக்கு மூடிவிடுவோம். நாம் இல்லாவிட்டால் அலுவலகம் நின்றுவிடும் என்ற எண்ணத்தைக் கைவிடுவோம். அலுவலகம் நமக்குப் பதிலாக வேறொருவரை ஒரு மாதத்தில் அமர்த்திவிடும். ஊரில் நம் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருக்கும் தாய்க்கோ, கதை கேட்க வந்து நிற்கும் பிள்ளைக்கோ அப்படி மாற்று ஆள் கிடையாது.