வீடும் தறியும் ஒரே கூரையின்கீழ்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி நோக்கிச் செல்பவருக்கு, கண்ணுக்கெட்டிய தூரம்வரை கரிசல் நிலமும் அதன்மீது ஆங்காங்கே நிற்கும் பனையும் சீமைக்கருவேலமுமே தென்படுகின்றனவாதலால், இந்தச் சீமையில் நிலத்துக்குப் பஞ்சம் உண்டு என்று யாரேனும் சொன்னால் அதை ஏற்க மனம் வருவது கடினம். ஆயினும் குடிநீர்க் குழாய் எட்டக்கூடியதும், கழிவுநீர் வடியக்கூடியதும், பள்ளிக்கூடத்துக்கும் கடைவீதிக்கும் நடந்தே போய்வரத் தக்கதுமான நிலம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தால், அது மிகச் சொற்பம் என்பது விளங்கும். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழையே பெற்று, அதிலும் பெரும்பகுதியை ஐப்பசி, கார்த்திகையில் பெற்று முடித்துக்கொண்டு, குண்டாறு மற்ற மாதங்களில் மணலாய்க் கிடக்கப் பார்த்திருக்கும் ஒரு பிரதேசத்தில், தண்ணீர் கிடைக்கும் தூரமே ஊருக்கு எல்லையாகும். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 87 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜனங்களைக் கொண்டிருந்த அருப்புக்கோட்டை நகரம், வெளியே பரவாமல் உள்ளுக்குள் நெருங்கி வளரவேண்டும் என்பதே என் திடமான அபிப்பிராயம்.

நடப்பதோ இதற்கு நேர்மாறானது. மதுரை – தூத்துக்குடி நாற்கரச் சாலை அமைந்தபின், அதன் இருமருங்கிலும் வர்ணக் கற்கள் நட்டு மனைகள் பிரிப்பது பெருகிவிட்டது. மழையில் பொங்கிக் கோடையில் வெடிக்கும் கரிசலில், ஆழமாக அஸ்திவாரம் தோண்டாமல் எழுப்பும் சுவர் விரிசல் காணும் என்பதையும், கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் அந்த மனைகளின் ஊடேதான் செல்கிறது என்பதையும், மனை வாங்குகிற எளிய குடும்பத்துக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்யலாகாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், மறு ஆண்டிலேயே அத்தகைய மனைகளை வரன்முறைப்படுத்த அரசு விதிகள் வகுத்ததும் வாசகர்கள் அறிந்தவை. பத்திரம் செல்லுபடியாவதற்கு அந்த விதிகள் வழி செய்தன. அடைபட்ட வரத்துக்காலுக்கு ஒரு வழியும் பிறக்கவில்லை.

நெருங்கி வாழ்வது எப்படி என்பதை இவ்வூர் வேறெங்கும் போய்க் கற்கவேண்டியதில்லை. இங்குள்ள பழைய நெசவாளர் தெரு ஒன்றைப் பாருங்கள். முன்கட்டில் குழித்தறி, அதனை அடுத்து அடுக்களை, நடுவே பெரியவள் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டே தொட்டிலையும் ஆட்டுவாள். விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவு விரித்துக் கஞ்சி தோய்த்து ஆற்றுவார்களாதலால், அத்தெரு அந்நேரத்தில் தொழிற்கூடமாகவும், வெயில் ஏறியபின் பாதையாகவும், அந்தி சாய்ந்ததும் குழந்தைகளின் விளையாட்டு மைதானமாகவும் மாறி மாறிப் பயன்பட்டது. நூல் கடையும் பலசரக்குக் கடையும் தெருமுனையிலேயே இருந்தன. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளாதலால் ஒரு வீட்டின் நிழல் மறு வீட்டைக் காத்தது. குடியிருப்பு, தொழில், வியாபாரம் மூன்றும் கலந்த நகர்ப்பகுதி வேண்டுமென்று இன்றைய நிபுணர்கள் வரைபடத்தில் வரைந்து காட்டுவதை, இந்த ஜனங்கள் எவ்வித ஆர்ப்பாட்டமுமின்றித் தலைமுறை தலைமுறையாக நடத்திவந்தார்கள்.

இத்தகைய தெருக்களின் அருமையை உணர்ந்து கூறியவர் ஸ்காத்லாந்து தேசத்து அறிஞர் பாட்ரிக் கெட்டிஸ். சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின்பேரில் 1914-இல் அவர் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது, அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை, சென்னைமீது குண்டு வீசிய அதே ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்துவிட்டது. அவரோ மனந்தளராமல் பொருள்களைப் புதிதாய்ச் சேகரித்து 1915-இல் சென்னையில் கண்காட்சி நடத்தியதோடு, தஞ்சை, மதுரை முதலிய ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கையும் எழுதினார். பழந்தெருக்களை இடித்து நேரான அகலச் சாலை போடும் திட்டங்களை அவர் கண்டித்தார். பாழடைந்த சில வீடுகளை மட்டும் நீக்கி, அவ்விடத்தில் மரமும் காற்றும் சேர்த்து, மற்றவற்றைக் காப்பாற்றினால் செலவும் குறையும், குடிகளும் சிதறமாட்டார்கள் என்றார். 1920-இல் சென்னை மாகாண நகரமைப்புச் சட்டம் பிறந்ததாயினும், அவருடைய இந்தப் பரிவு அதன் வழிவந்த விதிகளில் முழுமையாக இறங்கவில்லை என்றே சொல்லவேண்டும்.

சிங்கப்பூரை உதாரணம் காட்டுவோர் நம்மிடையே அநேகர். 1960-இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குவீடுகளில் இன்று அந்நாட்டவரில் 100-க்கு 75 பேருக்கு மேல் வசிக்கிறார்கள்; தேக்காவில் நம்மவர் காய்கறி வாங்கும் சந்தையும் அடுக்குவீடுகளும் அருகருகே அமைந்திருக்கின்றன. ஆனால் அங்கே நாம் கற்கவேண்டியது வீட்டுக்கருகிலேயே சந்தையை வைத்த முன்யோசனையை. கட்டடத்தின் உயரத்தை அல்ல. மேல்தளத்துக்குத் தண்ணீர் ஏற்றுவதே சிரமமாயுள்ள அருப்புக்கோட்டைக்கு மூன்று தளம் போதும்: கீழே தறியோ கடையோ, நடுவே குடும்பம், மேலே வாடகைக்கு ஓர் ஆசிரியரோ மில் தொழிலாளியோ.

2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், உயரமற்ற கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடாக 2 அனுமதிக்கின்றன. அதாவது மனையின் பரப்பைப் போல் இருமடங்கு கட்டலாம். ஆனால் குறுகி நீண்ட நெசவாளர் மனையில் பக்கவாட்டு இடைவெளியும் விட்டு, வாகனம் நிறுத்தவும் இடம் ஒதுக்கியபின் தறி போட இடம் மிஞ்சுவதில்லை. எனவே இத்தெருக்களைத் தொடர்கட்டடப் பகுதியாக அறிவித்து, சுவரோடு சுவர் சேரக் கட்ட இடந்தருவதே நியாயம்.

விசைத்தறியின் ஓயாத ஓசையில் பக்கத்து வீட்டுப் பிள்ளை எப்படிப் படிக்கும், சாயக் கழிவு எங்கே போகும் என்ற கேள்விகள் அற்பமானவை அல்ல. கைத்தறியோடு இசைந்த நெருக்கம் விசைத்தறியோடு அப்படியே இசையாது. ஆகவே இரவு நேரத்துக்கு வரம்பும், அதிர்வு தாங்கும் தளமும் நிபந்தனையாக வேண்டும். சாயப்பட்டறைக்குக் குடியிருப்பில் இடமே கூடாது. அதற்காகத் தறிகள் அனைத்தையும் ஊருக்கு வெளியே அனுப்பினால், பிள்ளையைப் பார்த்துக்கொண்டே தார் சுற்றிச் சம்பாதித்த பெண் அந்தக் கூலியை இழப்பாள்.

நகராட்சியும் நகர் ஊரமைப்பு இயக்ககமும் அடுத்து எந்தப் புதிய மனைப்பிரிவுக்கும் அனுமதி அளிக்குமுன், அவ்விடத்துக்கு வரும் வரத்துக்கால்களை அளந்து வரைபடத்தில் குறித்து, அங்கே குடிநீர் எவ்வழியே போய்ச் சேரும் என்பதையும் எழுத்தில் பதிவு செய்யட்டும். ஊருக்குள் பூட்டிக் கிடக்கும் பழைய வீடுகளைப் பழுது பார்த்துத் தளம் உயர்த்துவோருக்கு, அந்தப் புதிய மனைகளுக்குக் குழாய் நீட்டுவதால் ஆகும் செலவில் ஒரு பங்கையேனும் உதவித்தொகையாகக் கொடுக்கட்டும்.