பொடக்காலியில ஒரு குட்டி வால்பாறை!

வால்பாறை டூர் போய்ட்டு வந்தா ஒரு வியாதி ஒட்டிக்கும் பாஸ்... யானைக் காது சைஸ் இலை வெச்ச செடி நம்ம வீட்லயும் வேணும்னு! எனக்கும் ஒட்டிக்கிச்சு. ரெண்டு தொட்டி கலேடியம் வாங்கி, கெத்தா மொட்டைமாடியில வெச்சேன். அது ஜூன் மாசம். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஒரே வாரத்துல இலையைக் கந்தலாக்கிடுச்சு. மிச்சத்தை வெயில் பார்த்துக்கிச்சு. எங்க ஏரியாவுல குழாய்த் தண்ணி தினமும் வராது. அதுல தினம் ஒரு பக்கெட் இதுக்கு ஊத்தினேன். அம்மா முறைச்ச முறைப்பு இருக்கே... அய்யோ!

நிழல்ல கிடைக்கற கொஞ்சூண்டு வெளிச்சத்தையும் விடாம பிடிக்கத்தான் அந்த இலைக்கு அவ்ளோ அகலம். ஆனா, அதே அகலம் வழியாத்தான் தண்ணி ஆவியாப் போகுது. வால்பாறையில மழை கொட்டும். மலைக்கு இந்தப் பக்கம் இருக்கற கோயமுத்தூரோ மழை மறைவுப் பிரதேசம். இங்க நிழல், ஈரம், காத்து மறைவு மூணும் ஒண்ணா எங்க கிடைக்கும்?

அமுச்சி வீட்டுப் பொடக்காலியில கிடைச்சுது! பாத்திரம் கழுவற தண்ணி ஓடற சலதாரை ஓரமா, சேம்பும் கல்வாழையும் என் தோள் உயரத்துக்கு நிக்குது. "இதுக்கு எப்ப அமுச்சி தண்ணி ஊத்துவீங்க?"ன்னேன். "இதுக்கெல்லாம் ஆராச்சும் தண்ணி ஊத்துவாங்களா கண்ணு?"ன்னு சிரிச்சுட்டாங்க. நாலு வருஷ இன்ஜினீயரிங் அவுட்!

விசாரிச்சா, கழிவுநீரைச் செடி வெச்சு சுத்தப்படுத்தற அமைப்புகள்ல பல நாடுகள்ல நடறது இதே கல்வாழையைத்தான். சேம்பு இன்னும் சூப்பர். இலையில தண்ணி ஊத்திப் பாருங்க, முத்து மாதிரி உருண்டு ஓடும். கண்ணுக்குத் தெரியாத மேடும் மெழுகும்தான் காரணம். தாமரை இலையிலயும் இதே டெக்னிக்தான்னு ஜெர்மனி தாவரவியலாளர் பார்த்லாட் 1997-ல எழுதின கட்டுரை ரொம்ப ஃபேமஸ்.

நீங்களும் வைக்கணுமா? முளைவிட்ட சேப்பங்கிழங்கு நாலு போதும். காத்து மேக்கால இருந்து வரும், அதனால வீட்டுக்குக் கிழக்கால நடுங்க. வாஷிங் மெஷின் சோப்புத் தண்ணியை மட்டும் விட்றாதீங்க. தண்ணி தேங்கினா கொசு வரும். மண்ணுல உடனே இறங்கணும். சேம்புல ஊசி மாதிரி ஆக்சலேட் படிகம் இருக்கு, பச்சையாக் கடிச்சா நாக்கு அரிச்சே செத்தோம்! குட்டிப் பசங்க இருந்தா வேலி கட்டுங்க. சலதாரைக் கிழங்கு குழம்புக்கு வேணாம், அழகுக்கு மட்டும்.

நம்ம ஈரோட்டு மஞ்சளையும் ஓரமா ரெண்டு ஊனுங்க. தை மாசம் இலை காஞ்சு செடியே காணாமப் போகும். செத்துடுச்சுன்னு பிடுங்கிப் போட்றாதீங்க. கிழங்கு உள்ள தூங்குது. மழை விழுந்ததும் எட்டிப் பார்க்கும்.