நம்மவர் விற்றாலும் பத்திரம் பார்ப்போம்

ஒன்ராறியோவில் வாழும் எம்மவர் குடும்பங்கள் பல, சீட்டெடுத்த பணத்திலேயே பாவித்த எஸ்.யு.வி. வாகனத்தை வாங்குகின்றன. "விற்பவர் எங்கள் ஊரவர்" என்ற ஒரே உறுதியில் பணத்தைக் கையளிப்போரும் உளர். இவ்வழக்கம் கைவிடப்படவேண்டும் என்பதே எமது கருத்து.

தனியாரிடம் வாங்குகையில், பாவித்த வாகனத் தகவற்கோவையை விற்பவர் வழங்கவேண்டும் என்பது இம்மாகாணச் சட்டம். முன்னைய பதிவு விபரங்களும், ஒன்ராறியோவில் வாகனத்தின்மீது பதியப்பட்ட கடனும் அதில் தெரியவரும். கடன் தீராதிருப்பின், கடன் கொடுத்தவர் வாங்கியவரிடமிருந்தே வாகனத்தைப் பறித்துச் செல்லக்கூடும். 36 நாட்கள் செல்லுபடியாகும் பாதுகாப்புத் தரச் சான்றிதழோ, சோதித்த நாளில் குறைந்தபட்சத் தகுதி இருந்தமைக்கே சான்று, அது உத்தரவாதமன்று.

ரொயோட்டா ராவ்-4, ஹொண்டா சி.ஆர்.வி. ஆகியன உழைப்புக்கு நற்பெயர் பெற்றவை. ஆயினும் பனிக்காலத்தில் வீதியில் தூவும் உப்பு பெயர் பார்த்து அரிப்பதில்லை. விற்பவருடன் தொடர்பற்ற மெக்கானிக் ஒருவர் வாகனத்தை உயர்த்தி, அடிச்சட்டத்தையும் பிரேக் குழாய்களையும் சோதிக்கட்டும்.

வாங்கியபின் மனம்மாறித் திருப்பிக்கொடுக்கும் உரிமையை இங்குள்ள சட்டம் தரவில்லை. ஆதலின் கேட்கவேண்டியதை முன்னரே கேட்போம். சோதனை கோருவது ஊரவரை அவமதிப்பதாகாது. நேர்மையாளர் அதனை மறுக்கமாட்டார்; மறுப்பவரிடம் நாம் வாங்கவேண்டியதில்லை.