பருவா, பரு மாதிரியா?

கறம்பக்குடி மாதிரி ஊர்களில் முகத்தில் நாலு பரு வந்தால் போதும், வைத்தியம் சொல்ல நாற்பது பேர் வந்துவிடுவார்கள். அப்பத்தா சந்தனம் அரைத்துப் பூசச் சொல்வார். அத்தை மஞ்சள் என்பார். பக்கத்து வீட்டு அக்கா எலுமிச்சைச் சாறு என்பார். கடைசியாக யாராவது ஒருவர், "மெடிக்கல்ல கேளு, ஒரு டியூப் குடுப்பாங்க. நாலே நாள்ல முகம் பளிச்சுனு ஆயிடும்" என்பார். பயப்பட வேண்டியது அந்த டியூபுக்குத்தான்.

பரு எப்படி வருகிறது?

நம் தோலில் ஒவ்வொரு மயிர்க்காலுடனும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. வயதுக்கு வரும் பருவத்தில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன் அதைத் தூண்டிவிட, எண்ணெய் அதிகமாகச் சுரக்கிறது. உதிர வேண்டிய செல்கள் அந்த எண்ணெயோடு சேர்ந்து துவாரத்தை அடைத்துவிடும். அடைப்பு மூடியே இருந்தால் வெண்புள்ளி. திறந்து கறுத்தால் கரும்புள்ளி. அந்தக் கறுப்பு அழுக்கல்ல, தேய்த்துக் கழுவினாலும் போகாது.

அடைப்புக்குள் பாக்டீரியா பெருகி வீக்கம் வந்தால் சிவந்த பரு. சீழ் கோத்தால் சீழ்ப்பரு. ஆழத்தில் கல் மாதிரி வலியோடு நின்றால் கட்டிப்பரு. இந்தக் கடைசி வகைதான் குழியும் தழும்பும் விட்டுப்போகும். அதற்கு வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

பரு மாதிரி இருக்கும், பரு அல்ல

நெற்றியிலும் முதுகிலும் ஒரே அளவில் பொடிப்பொடியாக வந்து, அரிக்கவும் செய்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். பருவுக்கான ஆன்டிபயாட்டிக் மாத்திரை சாப்பிட்டால் இது குறையாது, கூடவே செய்யும்.

வெயில் காலத்தில் கழுத்திலும் மார்பிலும் சுருக்கென்று குத்தும் பொரிகள் வேர்க்குரு. முப்பது வயதுக்கு மேல் கன்னமும் மூக்கும் சிவந்து, வெயிலிலும் அடுப்படியிலும் எரிந்தால் ரோசேசியாவாக இருக்கலாம். இதில் கரும்புள்ளி இருக்காது. சவரம் செய்த இடத்தில் முடி உள்நோக்கி வளைந்து புடைப்பதும் உண்டு.

இன்னொன்று, தலை நிறைய எண்ணெய் வைக்கும் வீடுகளில் சகஜம். நெற்றியில் வழியும் எண்ணெய் துவாரங்களை அடைத்து, முடியோரத்தில் வரிசையாகப் பொரிகள் வரும். எண்ணெயைக் குறைத்து, நெற்றியில் படாமல் பார்த்துக்கொண்டாலே பாதி சரியாகும்.

அந்த டியூபுக்குள் என்ன இருக்கிறது?

பல நேரம் ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று டியூபில் பொடி எழுத்தில் இருக்கும். பூசியதும் சிவப்பு அடங்கும், நிறம் வெளுக்கும். வாரங்கள் போகப் போகத் தோல் மெலியும், நரம்பு தெரியும், முகத்தில் முடி வளரும், புதிதாகப் பரு கிளம்பும். நிறுத்தினால் முகம் தீயாய் எரியும். அதற்குப் பயந்தே மறுபடி பூசுவார்கள்.

2011-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக, நாட்டின் 12 மருத்துவமனைகளில் முகத் தோல் பிரச்னையோடு வந்த 2,926 பேரிடம் விசாரித்தார்கள். அதில் 433 பேர் ஸ்டீராய்டு கிரீம் பூசிக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய ஏழில் ஒருவர்! பலருக்கு அதைச் சிபாரிசு செய்தவர் மருத்துவரே அல்ல. 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. ஆனால் வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய டியூபுக்கு எந்த உத்தரவும் போய்ச் சேராது. அதை நாம்தான் எடுத்துப் பார்க்க வேண்டும். பல மாதமாகப் பூசியவர்கள் தாங்களாகச் சட்டென்று நிறுத்தாமல், டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போவது நல்லது.

என்ன செய்யலாம்?

மிதமான சோப்பில் தினம் இரண்டு முறை முகம் கழுவினால் போதும். பருவைக் கிள்ளாதீர்கள், தழும்புக்கு அதுவே காரணமாகிவிடும். எலுமிச்சைச் சாறும் டூத்பேஸ்ட்டும் தோலைப் புண்ணாக்கும். லேசான பருவுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் தருவது பென்சாயில் பெராக்சைடு அல்லது இரவில் பூசும் அடபலீன். முதல் இரண்டு வாரம் தோல் உரியும், காயும். அதனால் கொஞ்சமாகத் தொடங்க வேண்டும். பென்சாயில் பெராக்சைடு தலையணை உறையை வெளுக்கச் செய்யும் என்பதால் பழைய உறையைப் போட்டுக்கொள்ளுங்கள். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பத்தாம் நாளே "இது சரிப்படாது" என்று மருந்தை மாற்றுவதுதான் பலர் தோற்கும் இடம்.

கட்டிப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை நன்றாகக் கேட்கும். ஆனால் கர்ப்பத்தில் குழந்தைக்குக் கடுமையான ஊனம் உண்டாக்கும். கல்யாணமான பெண்களும் நிச்சயமான பெண்களும் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். தோழி சாப்பிடுகிறாள் என்று நாமும் வாங்கிச் சாப்பிடும் மாத்திரை அல்ல அது.

பருவோடு மாதவிலக்கும் தள்ளிப்போய், தாடையில் முடியும் வளர்ந்தால் சினைப்பை நீர்க்கட்டிக்கான பரிசோதனை தேவை.

கறம்பக்குடிக்காரர்களுக்குப் புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, தஞ்சாவூரிலும் இருக்கிறது. அங்கே தோல் பிரிவில் காட்ட ஒரு நாள் லீவு போட்டால் போதும். அடுத்த மாதம் கல்யாணம் என்று ஓடுவதைவிட, பத்தாம் வகுப்புப் பிள்ளை கண்ணாடி பார்க்கவே தயங்கும்போதே அழைத்துப் போகலாம். "முகத்துல என்ன இது?" என்று விசேஷ வீட்டில் நாலு பேர் முன்னால் கேட்காமல் இருப்பது, சொந்தக்காரர்கள் எல்லோரும் செலவில்லாமல் செய்யக்கூடிய உதவி.