கணக்கெடுக்க வருகிறவர்கள் யாருக்குக் கணக்குச் சொல்வார்கள்?



கல்லூரி மாணவர்கள் கம்ப்யூட்டரும் கையுமாக நம் ஊருக்கு வருகிறார்கள், இரண்டு மாதம் தங்கிச் சங்க வேலையை எல்லாம் நவீனமாக்கித் தருவார்கள், அத்தோடு நம் குறைகள் தீர்ந்துவிடும் என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. நம் செயற்குழுவிலேயே சிலர் இதில் மயங்கி நிற்கிறார்கள். வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் யார் ஏவி வருகிறார்கள், எழுதி எடுப்பதை யாரிடம் ஒப்படைப்பார்கள், போகும்போது நமக்கு எதை விட்டுப் போவார்கள் என்று கேளாமல் கதவைத் திறந்து வைப்பது சங்க வேலை ஆகாது.

கேரளத்தில் 2024இல் தொடங்கிய நான்காண்டுப் பட்டப் படிப்பில் ‘இன்டர்ன்ஷிப்’ என்னும் பயிற்சிப் பணி கட்டாயம். அதற்கு மதிப்பெண் உண்டு. மதிப்பெண்ணுக்குச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்கு ஒரு சங்கத்தின் முத்திரை வேண்டும். இதில் பிள்ளைகள் மேல் குற்றம் இல்லை. ஆனால் இந்த ஏற்பாட்டில் யார் வர முடிகிறது என்று பாருங்கள். நான் ரயில்வேயில் குமாஸ்தா. எங்கள் பட்டறைகளில் பயிற்சிக்குச் சேரும் அப்ரண்டிஸ்களுக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி மாதா மாதம் உதவித்தொகை உண்டு. (பயிற்சி முடித்தபின் அவர்களுக்கு வேலை கிடைக்கிறதா என்பது வேறு கதை. அதை எழுத இந்த இதழ் முழுவதும் போதாது.) சமூக நீதி என்று பெயர் சூட்டிய வேலைக்கு வரும் மாணவனுக்கோ பெரும்பாலும் பஸ் கூலிகூடக் கிடையாது. ஆகவே வீட்டில் பணம் வாங்கி இரண்டு மாதம் சம்பளமின்றி இருக்கக் கூடியவன்தான் வருகிறான். ரப்பர் பால் வெட்டுகிறவரின் மகனும், சூளையில் செங்கல் சுமக்கிறவரின் மகளும் விடுமுறையில் கூலிக்குப் போகிறார்கள். நம்மைப் பற்றி எழுத வருகிற கூட்டத்தில் நம் பிள்ளைகள் இல்லை!

ஒரு கோடை விடுமுறையில் இப்படி ஒரு கல்லூரிக் குழு எங்கள் பக்கத்து லயங்களில் ஏறி இறங்கியது. ஆதார் எண், போன் நம்பர், சம்பளம், கடன், நோய், குழந்தைகளின் படிப்பு என்று ஒன்று விடாமல் கேட்டுப் போனில் தட்டிக்கொண்டார்கள். உங்களுக்காக ஓர் ‘ஆப்’ வரும் என்றார்கள். வந்தது, ஆங்கிலத்தில். ஒரு மாதம் ஓடியது. பிறகு திறக்கவே இல்லை. எடுத்துப் போன பெயர்ப் பட்டியல் எங்கே என்று இரண்டு கடிதம் எழுதினேன். இன்றுவரை பதில் இல்லை. நம் வீட்டுக் கடனும் நோயும் யாருடைய பெட்டியில் கிடக்கிறதோ!

அப்படியானால் படித்த பிள்ளைகளாலும் கருவிகளாலும் பயனே இல்லையா? உண்டு. 2020 மார்ச் 24 இரவு நாடு முழுவதும் ஊரடங்கு என்று அறிவித்தார்கள். வேலையும் கூலியும் நின்று, அயல் மாநிலங்களில் நம்மைப் போன்றவர்கள் தவித்தார்கள். அப்போது ஆசிரியர்கள், மாணவர்கள், சங்க ஊழியர்கள் எனப் பலர் சேர்ந்து ‘ஸ்வான்’ என்று சுருக்கி அழைக்கப்பட்ட ஒரு தொண்டர் வலையத்தை அமைத்தார்கள். அவர்கள் கையில் இருந்த பெரிய தொழில்நுட்பம் எது தெரியுமா? போனும், கம்ப்யூட்டரில் ஒரு கணக்குப் பட்டியலும்தான். அழைத்தவரிடம் எங்கே இருக்கிறீர்கள், எத்தனை பேர், எத்தனை நாளுக்கு அரிசி இருக்கிறது என்று கேட்டார்கள். பக்கத்து அமைப்புக்குச் சொல்லி உணவு கிடைக்கச் செய்தார்கள். வழியில்லாத இடத்தில் சிறு தொகை அனுப்பினார்கள். அந்தப் பதிவுகளைக் கூட்டிப் பார்த்து ஏப்ரல் 15 அன்று அறிக்கை வெளியிட்டார்கள். அவர்களோடு தொடர்புகொண்ட 11,159 தொழிலாளரில் 96 சதவீதம் பேருக்கு அரசின் ரேஷன் வந்து சேரவில்லை என்பதை நாடே அறிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், வழியில் மாண்ட புலம்பெயர் தொழிலாளர் எத்தனை பேர் என்று நாடாளுமன்றத்தில் கேட்டபோது அப்படிப்பட்ட கணக்கு வைக்கப்படவில்லை என்று தொழிலாளர் இலாகா கைவிரித்தது. கோடி கோடியாய்ச் செலவிட்டு இயந்திரங்களை வைத்திருக்கும் சர்க்காரிடம் கணக்கு இல்லை. போனும் பட்டியலும் வைத்திருந்தவர்களிடம் இருந்தது. முதலில் சோறு, பிறகு கணக்கு என்ற வரிசைதான் அவர்களை நம்பும்படி செய்தது.

இன்னும் பழைய பாடம் ஒன்று ராஜஸ்தானில் இருக்கிறது. 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் உழைப்பாளர் அமைப்பு, பஞ்சநிவாரண வேலைக்கு உரிய கூலி கேட்டது. கூலிப் பதிவேட்டில் நீ அவ்வளவு வேலை செய்யவில்லை என்று எழுதியிருக்கிறது என்றார்கள். அப்படியானால் பதிவேட்டைக் காட்டு என்று மக்கள் கேட்டார்கள். 1994 டிசம்பர் 2 அன்று கோட் கிரானா கிராமத்தில் அதிகாரிகளின் கணக்கை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். 1996இல் பியாவரில் 40 நாள் தர்ணா. அந்தக் கேள்விதான் 2005இல் தகவல் உரிமைச் சட்டமாக வளர்ந்தது. அரசின் விவரங்களை யாரும் கம்ப்யூட்டரில் பார்க்க வழிசெய்யும் ‘ஜன் சூசனா’ தளம் ராஜஸ்தானில் 2019 செப்டம்பரில்தான் தொடங்கப்பட்டது. கோட் கிரானாவுக்கும் அதற்கும் நடுவே ஏறத்தாழ 25 ஆண்டுகள்! கேள்வி உழைப்பவருடையது, கருவி அதன் பின்னால் வந்தது. நம்மிடம் வருகிறவர்களோ கருவியை முதலில் கொண்டுவந்து வைத்துவிட்டு, இதற்கு ஏற்ற குறை ஏதாவது உங்களிடம் இருக்கிறதா என்று தேடுகிறார்கள்.

இதிலே ஒரு கொடுமையையும் கவனியுங்கள். 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவைத் திருத்தி, ‘தனியாள் விவரம்’ என்று சொல்லி அதிகாரி கணக்கை மறுப்பதை எளிதாக்கிவிட்டது. அதிகாரியின் ஏடு நமக்கு மூடுகிறது. நம் ஏடோ போகிற வருகிற எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமைப்புசாராத் தொழிலாளருக்காக மத்திய சர்க்கார் ‘இ-ஷ்ரம்’ பதிவை 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அதில் தமிழ் உள்ளிட்ட 22 மொழிகளும் வந்தது 2025 ஜனவரி 7 அன்று. மூன்று ஆண்டுக்கு மேல் நம் தாய்மார்கள் படிக்கத் தெரியாத திரையின்முன் விரலை வைத்துவிட்டு வந்தார்கள். ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறைதீர் மனு கொடுக்க அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவு உரிமை தந்திருக்கிறது. அந்த உரிமை காகிதத்தில் உண்டு. கம்ப்யூட்டரில் தமிழ் தட்டத் தெரிந்த ஆள் சங்க அலுவலகத்தில் இல்லை. ஒரு மாணவன் இரண்டு மாதத்தில் வேறு எதுவும் செய்யாமல் நம் பெண்கள் நான்கு பேருக்குத் தமிழ்99 விசைப்பலகையில் மனு தட்டவும், போன மனுவின் எண்ணைக் குறித்துத் தொடரவும் கற்றுக் கொடுத்தால் அவனுக்கு நானே மாலை போடுவேன்.

ஆகவே செயற்குழுவுக்கு என் கோரிக்கை இது. இனி எந்தக் கல்லூரி வந்தாலும் வேலை எது என்பதை நாம் தீர்மானிப்போம், அவர்கள் வந்து இறங்கும் முன்பே. சேகரிக்கும் ஏடு சங்கத்தில் இருக்க வேண்டும்; ஆதார் எண் கேட்கக் கூடாது; போகும்போது அவர்கள் போனிலும் கம்ப்யூட்டரிலும் உள்ள படியை நம் முன்னால் அழிக்க வேண்டும். செய்கிற எதுவும் தமிழில் இருக்க வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேராவது தனுவச்சபுரத்திலும் நெய்யாற்றின்கரையிலும் படிக்கிற நம் பிள்ளைகளாக இருக்க வேண்டும். அவர்களுக்குக் கல்லூரி உதவித்தொகை தராவிட்டால் சந்தாவில் ஒரு பங்கை ஒதுக்குவோம். கொடி, தோரணத்துக்குச் செலவழிப்பதில் கொஞ்சம் குறைந்தால் என்ன?

முதல் வேலையும் கைவசம் இருக்கிறது. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் கேரளமும் தமிழ்நாடும் 2020இலேயே சேர்ந்துவிட்டன. ஆனால் முன்னுரிமை அட்டைக்கும் அந்த்யோதயா அட்டைக்கும் மட்டுமே அடுத்த மாநிலத்தில் அரிசி. தமிழ்நாட்டின் முன்னுரிமை இல்லாத அட்டையை வைத்திருப்பவர் களியக்காவிளையைத் தாண்டினால் அந்த அட்டைக்கு இங்கே மதிப்பில்லை. பாறசாலை முதல் கள்ளிக்காடு வரை அப்படிப்பட்ட குடும்பம் எத்தனை, கடையில் திருப்பி அனுப்பப்பட்டது எந்தத் தேதியில், கடைக்காரர் சொன்ன காரணம் என்ன? கிளை கிளையாக இதை எழுதித் தர வேண்டும். இரண்டு மாநில உணவு இலாகாக்களுக்கும் அந்தப் பட்டியலோடு மனு போகட்டும். இதற்குச் சம்மதித்து எழுத்தில் கையெழுத்திடும் கல்லூரிக்குப் பாயும் சோறும் கொடுப்போம். மறுப்பவர்களுக்கு ஒரு சாயா கொடுத்து, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்லிவிடலாம்.